இரண்டு விசிறிகளில் ஒன்று

அந்த எண்ணம் எனக்குப் பெங்களூரில், ஒரு ஏரிக்கரையில், பசியோடு உட்கார்ந்திருந்தபோது வந்தது. ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓசூர் வழியாகப் பஸ் பிடித்துப் போயிருந்தேன். உள்ளே போகக்கூட முடியவில்லை. ஆள் எடுத்தாகிவிட்டது, அடுத்த தடவை வா என்று காவல்காரர் வாசலிலேயே கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். இன்டர்மீடியட் சர்டிபிகேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கால்போன போக்கில் நடந்து ஏரிக்கரைக்கு வந்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

பட்டாளத்துக்காரர்கள் சிலர் ஒரு படகில் இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துடுப்பும் இல்லை, கழியும் இல்லை. பின்பக்கத்துப் பலகையில், பால்கேன் அளவுக்கு ஒரு இயந்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் கயிற்றைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தான். புகை வந்தது, சத்தம் வந்தது, அவ்வளவு பாரத்தோடு படகு அக்கரைக்குப் போய்விட்டது. ஒரே ஆள், ஒரே கையில் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

எனக்குப் பசி மறந்துவிட்டது. வேலை கிடைக்காததும் மறந்துவிட்டது. அக்கா ஊருக்கு இது போதும் என்று தோன்றியது.

அக்காவைக் கொடுத்திருந்தது கிருஷ்ணகிரிக்குக் கிட்ட, தென்பெண்ணைக் கரையில் ஒரு சின்ன ஊர். அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது அந்த ஊர் முழுகவில்லை. முழுகியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். மேட்டில் இருந்த வீடுகளும், சரிவில் இருந்த மாந்தோப்பும் தண்ணீருக்கு மேலே தப்பித்துக்கொண்டன. முழுகினது வயலும், ஊரிலிருந்து தார் ரோட்டுக்குப் போகும் வண்டிப்பாதையும். ரோடு கண்ணுக்கு எதிரே தெரியும். அதில் போகிற லாரியின் ஹாரன் கேட்கும். ஆனால் போய்ச் சேர வேண்டுமென்றால் பாறையும் முள்ளுமாகச் சுற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் அரை நாள். அதற்குள் மாம்பழம் அடிபட்டுக் கறுத்துவிடும், பெங்களூர் லாரியும் போயிருக்கும்.

பரிசல் ஒன்று இருந்தது. நாலைந்து கூடைக்கு மேல் தாங்காது. காற்று அடித்தால் இருக்கிற இடத்திலேயே சுற்றும்.

ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சுதான். இருப்பதா, போவதா. சிங்காரப்பேட்டைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தவர்கள் அங்கே போய்விடலாம் என்றார்கள். அக்கா மட்டும் போகமாட்டேன் என்றாள். கல்யாணமாகி வந்த வருஷம் அவள் கையால் வைத்த மரங்கள் அப்போதுதான் காய்ப்புக்கு வந்திருந்தன. மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பழம் மட்டும் லாரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் ஊர் இருக்கும், இல்லையென்றால் இல்லை. விஷயம் அவ்வளவுதான். எனக்கும் விளங்கிவிட்டது, ஊருக்கும் விளங்கியிருந்தது.

மறுநாளே கிருஷ்ணகிரியில் பாய் கடைக்குப் போனேன். அந்த ஊர்ப் பழத்தை வருஷா வருஷம் வாங்கிப் பெங்களூருக்கு அனுப்புகிறவர் அவர்தான். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஏந்தம்பி, நீ வேலை தேடிப் போனே. உனக்கு வேலை கெடைக்கல. எனக்கு ஒரு வேலை கொண்டாந்திருக்கே" என்றார்.

"நடக்கும் பாய். நான் கண்ணால பாத்தேன்."

"கண்ணால பாத்தது பட்டாளத்துப் படகு. உங்கிட்ட என்ன இருக்குது?"

படகு இல்லை. வேப்பனப்பள்ளியில் வண்டி செய்கிற ஆசாரி ஒருவரைப் பாய்தான் பிடித்துக்கொடுத்தார். ஆசாரி ஜென்மத்தில் படகு கண்டதில்லை. சைக்கிளில் போய் அவருக்குக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். வாகை மரத்தில், கனமான பலகையில், சக்கரம் கழற்றின பெரிய பார வண்டியைப் போல ஒன்றைச் செய்துகொடுத்தார். தண்ணீரில் இறக்கினபோது மிதந்தது. அதற்கே ஊரில் குலவை போட்டார்கள்.

பாய் பணம் போட்டு வரவழைத்த இயந்திரம் மெட்ராஸிலிருந்து மரப்பெட்டியில், வைக்கோலுக்கு நடுவே வந்தது. புத்தம் புதுசு. பச்சை பெயிண்ட் பளபளத்தது. பாய் கடையில் பெட்டியைத் திறந்தபோது தெருவே கூடிவிட்டது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகம். அதை நான் அன்றைக்கே மூன்று தடவை படித்துவிட்டேன்.

அடியில் தண்ணீருக்குள் சுற்றுகிற சாமானுக்குப் புத்தகத்தில் புரொப்பெல்லர் என்று பேர். ஊரில் விசிறி என்றார்கள். மூன்று இறக்கை. அதில் எனக்குப் பிடித்துப்போன விஷயம், அதன் புரிக்கணக்கு. விசிறி என்பது தண்ணீருக்குள் முறுக்கிக்கொண்டு போகிற ஒரு திருகாணி. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னே போகும் என்பதுதான் புரி. இறக்கை ரொம்பச் சாய்ந்திருந்தால் பெரிய புரி, கொஞ்சம் சாய்ந்திருந்தால் சின்னப் புரி. பெரிய புரி இலேசான படகுக்கு, வேகத்துக்கு. சின்னப் புரி பாரம் இழுக்க. எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் வழி சொல்லியிருந்தார்கள். முழு பாரத்தோடு ஓட்டிப் பார். இயந்திரம் முக்கி முனகினால் புரியைக் குறை. கட்டில்லாமல் அலறிச் சுற்றினால் புரியைக் கூட்டு. இவ்வளவு சுலபமான ஒரு சாஸ்திரத்தை நான் காலேஜில்கூடப் படித்ததில்லை.

முதல் ஓட்டத்துக்கு நானும் மாமாவும் பரிசல்காரரும் மட்டும் ஏறினோம். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். அதிகம் பேசமாட்டார், பேசினால் குத்துவார். பரிசல்காரர் வாயை மூடவே மாட்டார். மூன்று பேரும் இயந்திரத்தைச் சுற்றிக் குந்தியிருந்தோம். நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. படகு கிளம்பி நேராகப் போயிற்று. தண்ணீர் இரண்டு பக்கமும் விலகிற்று. மாமா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மாட்டப் பின்னால கட்டி வண்டி ஓட்டுறியே தம்பி" என்றார் பரிசல்காரர். "நானு நாப்பது வருசமா முன்னால நின்னு தண்ணிய என்கிட்ட இழுக்கறன். அப்பத்தான் பரிசலு வரும். இத முன்னால தூக்கி மாட்டு. இன்னும் ஓடும்."

"முன்னால மாட்டினா பின்னால போவும்."

"அப்ப திருப்பி ஒக்காந்துக்கறது."

மாமா சிரித்து நான் பார்த்த ஒரே நாள் அதுதான்.

சித்திரை பிறந்தது. முதலில் வருகிற செந்தூரா மாம்பழம் பழுக்கத் தொடங்கியது. முதல் லாரிக்கு அனுப்பக் கூடைகளை விடியற்காலையிலேயே கரைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். சந்தைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சும்மா ஏறிப் பார்க்க வந்தவர்கள் என்று ஊரில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். கூடைகளை நடுவில் அடுக்கினோம். ஆட்கள் ஏறினார்கள். ஏறினவர்கள் ஒருவர்கூடப் பின்பக்கம் வரவில்லை. பெட்ரோல் வாடைக்குப் பெண்பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கயிற்றில் முந்தானை மாட்டிக்கொள்ளும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பரிசலில் ஏறிப் பழகினவர்களுக்கு, துடுப்புப் போடுகிறவரின் காலடியில், முன்னால் போய் நெருக்கி உட்கார்ந்தால்தான் உட்கார்ந்த மாதிரி. எல்லோரும் முன்னால் போய் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள். பின்னால் நான், இயந்திரம், ஒரு பெட்ரோல் டின்.

"இங்க எடம் இருக்குதுங்க" என்றேன்.

"நீயே வச்சிக்க சாமி. உனக்குக் கல்யாணம் ஆவல, எங்களுக்குப் புள்ளகுட்டி இருக்குது" என்றாள் ஒருத்தி. முன்பக்கம் முழுவதும் சிரித்தது.

கயிற்றை இழுத்தேன். இயந்திரம் அலறிற்று. அப்படி ஒரு அலறலை நான் அதுவரை கேட்டதில்லை. பின்னால் தண்ணீர் வெள்ளை வெளேரென்று நுரைத்தது. படகு நகரவில்லை. நகர்ந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது காற்று தள்ளின நகர்வு. அலறல் கூடக் கூட நுரைதான் கூடிற்று. காற்று எங்களை மெதுவாகப் பழைய வரப்போரம் தள்ளிக்கொண்டு போய் முழுகின கருவேல மரத்தின்மேல் விட்டது. அடியில் டணார் என்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை.

கழிபோட்டுக் கரைக்கு வந்து இயந்திரத்தைத் தூக்கிப் பார்த்தால், விசிறியில் ஒரு இறக்கை பாதியாக இருந்தது. அன்றைய கூடைகளை மாட்டுவண்டியில் ஏற்றிச் சுற்றிக்கொண்டு போனார்கள். லாரி போய்விட்டிருந்தது. பழத்தைக் கிருஷ்ணகிரி சந்தையில் கொட்டிவிட்டு வந்தார் மாமா.

அதோடு இன்னொன்றும் ஆயிற்று. ஆட்களை ஏற்றிக்கொண்டு படகு மரத்தில் மோதியது அணையைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி காதுக்குப் போய்விட்டது. அவர் நேரில் வந்து ஏறிப்பார்த்து அனுமதி கொடுக்கிறவரை படகையே எடுக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அது நியாயம்தான். ஆனால் அந்த வாரமே ஊரில் மூன்று குடும்பம் போய்விட்டது.

உடைந்த விசிறியைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு பெங்களூருக்குப் போனேன். பட்டாளத்துப் பழைய சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற ஒரு கடையில், அலைந்து திரிந்த பிறகு, எங்கள் இயந்திரத்தின் தண்டில் பொருந்துகிற மாதிரி இரண்டு விசிறி கிடைத்தது. கடைக்காரர் இரண்டையும் மேசைமேல் வைத்தார். அகலம் ஒன்றே. துவாரம் ஒன்றே. சாய்வுதான் வேறு. ஒன்று சின்னப் புரி, இலையைப் படுக்கவைத்த மாதிரி. இன்னொன்று பெரிய புரி, காற்றில் இலை திரும்பின மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது.

"யாவுது பேக்கு?" என்றார் கடைக்காரர். எது வேணும் என்கிறார்.

இரண்டு கையிலும் இரண்டைத் தூக்கிப் பார்த்தேன். எனக்கு யோசிக்க எதுவுமே இருக்கவில்லை. இயந்திரம் அலறியது. அலறினால் புரியைக் கூட்டு. கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன், புத்தகத்திலும் அச்சாகியிருக்கிறது. சின்னதைக் கீழே வைத்தேன். பாய் வேறு கிளம்பும்போதே, "ரெண்டும் ஒரே வெலன்னா பெருசா பாத்து எடு தம்பி" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவருடைய கணக்கும் புத்தகத்தின் கணக்கும் ஒன்றாக வந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது விசிறியை மடியிலேயே வைத்திருந்தேன். அத்திப்பள்ளி தாண்டினபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இது எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார்.

ஊரிலும் பெரிய புரி எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பம்பு செட்டுக்குப் பெரிய குழாய் போட்டால் அதிகத் தண்ணீர் வருகிறதல்லவா, அந்த மாதிரிதான் என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. காரணம் தப்பாக இருந்தாலும் முடிவு சரி என்று நினைத்தேன்.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாள் இரண்டு தடவை தள்ளிப்போயிற்று. செந்தூரா முடிந்துவிட்டது. மரத்திலேயே பழுத்து, கிளி கொத்தி, கீழே விழுந்து நாறியது. தோப்பில் நடந்தால் காலில் ஒட்டும். போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். போகும்போது ஓட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள், வாசற்கால் கதவைப் பெயர்த்துக்கொண்டார்கள். கதவில்லாத வீட்டுக்குள் ஆடு போய்ப் படுத்துக்கொண்டது.

ஒருவழியாக அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், பொறுமையானவர். மணியக்காரர் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து படகில் போட்டிருந்தார்கள். எங்கே போடுவது என்று ஒரு சின்னப் பேச்சு நடந்தது. அவர் பார்க்க வந்ததே இயந்திரத்தை. ஆகவே அதற்குப் பக்கத்திலேயே போடுவதுதான் மரியாதை என்று மணியக்காரர் முடிவு பண்ணினார். நாற்காலியைப் பின்பக்கத்தில் போட்டார்கள். அதிகாரி உட்கார்ந்தார். அதிகாரியைவிட்டுத் தள்ளி மணியக்காரர் உட்காரமாட்டார். அவரைவிட்டுப் பாய் உட்காரமாட்டார். இரண்டு சேவகர்கள், ஜீப் டிரைவர், மாமா, எல்லோரும் நாற்காலியைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். பாரம் காட்டுவதற்காகக் கல் ஏற்றின கூடைகளையும் அவர் கண்ணில் படவேண்டுமென்று அங்கேயே அடுக்கினார்கள். முன்பக்கம் காலி. ஒரு காக்காய் வந்து உட்கார்ந்திருந்தது.

இழுத்தேன். பிடித்துக்கொண்டது. அலறவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. படகு மெதுவாக நகர்ந்தது. பிறகு இன்னும் மெதுவாக. இயந்திரம் ஏற்றத்தில் ஏறும் கிழட்டு லாரியைப் போல முக்கியது. முழுக்கத் திறந்துவிட்டும் குரல் எழும்பவில்லை. புகை கறுத்தது. பெயிண்ட் தீய்ந்த வாடை வந்தது. அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது இப்பிடித்தான் ஓடுமா?" என்றார்.

"இல்லீங்க சார். புது விசிறி. கொஞ்சம் பழகணும்."

பழகுவதற்கு அது மாடா என்று மாமா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. நடுத்தண்ணீருக்கு வந்தபோது இயந்திரம் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோயிற்று. கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்தேன். கை உரிந்தது. தொட்டால் சுடுகிற அளவுக்குக் கொதித்திருந்தது. அக்கரையில் நின்றிருந்த அக்கா கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிசல்காரர்தான் வந்தார். எங்கள் முனையில் கயிறு கட்டி, தன் பரிசலின் முன்னால் நின்று தண்ணீரை அள்ளி அள்ளி இழுத்தார். அதிகாரி, மணியக்காரர், நாற்காலி, புது இயந்திரம் எல்லாவற்றையும் ஒரு மனிதர் இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சார், எனக்கு பெட்ரோலு வேணாங்க. ஒரு சொம்பு கூழு போதும்" என்றார். அதிகாரியே சிரித்துவிட்டார்.

கரையில் இறங்கினதும் அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டார். "படிச்ச பையனா இருக்கீங்க. ஆசை தப்பில்ல. ஆனா இதுல ஆளுங்கள ஏத்த நான் சம்மதிக்க முடியாது. சரக்கு வேணுமுன்னா ஏத்திக்கோங்க. மோட்டாரு போட்டு ஆள் ஏத்தக்கூடாது." அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் மாமா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே அக்காவிடம்தான் சொன்னார். "ஆனி பொறந்ததும் போயிடலாம். சிங்காரப்பேட்டைல எடம் பாத்துட்டாங்களாம்."

அக்கா பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

அதற்கப்புறம் எங்கள் படகு நன்றாகத்தான் உழைத்தது. இயந்திரத்தைப் பலகையிலேயே தூக்கி மடக்கி வைத்துவிட்டு, கழிபோட்டுத் தள்ளி, போகிற குடும்பங்களை அக்கரை சேர்த்தோம். பரிசலில் உலக்கையும் உரலும் கதவும் போகாது. வண்டிப்பாதையில் போனால் ஓடு உடையும். ஊர் தங்கவேண்டும் என்று செய்த படகு ஊரை ஏற்றிக்கொண்டு போயிற்று. நானே கழி போட்டேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு கிழவர் மட்டும் இறங்கும்போது படகைத் தட்டிக்கொடுத்து, "நல்ல மரம்" என்றார்.

ஒரு நாள் ஒரு பெரிய குடும்பம். பெண்கள் எட்டு ஒன்பது பேர், குழந்தைகள், கோழிக்கூடை. நான் கரையில் நின்று பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தை மடக்க அன்றைக்கு மறந்துபோயிருந்தேன். விசிறி தண்ணீருக்குள்ளேயே இருந்தது. பெண்கள் ஏறினார்கள். வழக்கம்போல எல்லோரும் நேராக முன்பக்கம் போய் நெருக்கிக்கொண்டார்கள். என் கையிலிருந்த பலகை மெள்ள மேலே எழும்பிற்று. எழும்பி, எழும்பி, என் கண்ணெதிரே விசிறியின் மேல் இறக்கை தண்ணீரைவிட்டு வெளியே வந்து, வெயிலில் மின்னிற்று.

நான் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். "தம்பி, தள்ளு. கோழி செத்துரும்" என்று யாரோ சத்தம் போடுகிறார்கள். எனக்குக் கேட்கவில்லை.

அன்றைக்கு இயந்திரம் அலறினது புரி போதாததால் அல்ல. விசிறி தண்ணீருக்கு மேலாக வந்து காற்றைக் குடித்திருக்கிறது. காற்றில் சுற்றுகிற விசிறிக்கு என்ன பாரம், அது அலறத்தான் செய்யும். முழு பாரத்தோடு ஓட்டிப் பார் என்றுதான் புத்தகத்தில் போட்டிருந்தது. பாரம் எங்கே உட்காரும் என்று போடவில்லை. போடவும் முடியாது. பரிசலில் ஏறி வளர்ந்த ஊர் ஒன்று இருக்கிறது, அதில் ஒருவரும் பின்னால் உட்காரமாட்டார்கள் என்பது அந்தப் புத்தகத்தை எழுதினவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் தெரிந்திருக்கலாம். அந்த ஊரில் ஏறி இறங்கினவன் நான். வாகைப் பலகையின் கனத்துக்கு முதலிலிருந்தே சின்னப் புரிதான் சரி. அதைக் கையில் பிடித்துவிட்டு, கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதிகாரியைப் பின்னால் உட்காரவைத்த அன்று விசிறி நன்றாக முழுகியிருந்தது; முழுகின பெரிய புரியைச் சுற்ற அந்தச் சின்ன இயந்திரத்துக்குத் தெம்பில்லை.

குடும்பத்தை அக்கரை விட்டுவிட்டுத் திரும்பினதும் மாமாவிடம் ஓடினேன். அவர் கொட்டகைக் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இரண்டு ஓட்டுச் சில்லை வைத்துக்கொண்டு, முன்னால் பாரம், பின்னால் பாரம் என்று காட்டினேன்.

"சரிடா மச்சான்" என்றார் மாமா. "இப்பத் தெரிஞ்சிகிட்டே. யாரப் பின்னால ஒக்கார வைக்கப் போற? ஊருல ஆளே இல்ல."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "அவன் சொல்றது நெசமா?" என்று மாமாவைத்தான் கேட்டாள்.

"நெசமாத்தான் இருக்கும். படிச்சவன்."

"போன வாட்டியும் படிச்சவனாத்தான இருந்தான்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு வெசிறியும் தெரியாது, புரியும் தெரியாது. கடைசியா வர்ற நீலம் மாங்கா இன்னும் எறங்கல. நம்ம மரத்து நீலம் மட்டும் லாரிக்குப் போயி ஏறட்டும், நா இங்கயே கெடப்பேன். இவரும் கெடப்பாரு. ஏறலன்னா நீயே வந்து கதவக் கழட்டிக் குடுத்துடு."

மாமா கூரையிலிருந்து இறங்கவில்லை. ஆனால் பிரிப்பதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பெங்களூர் போனேன். சின்னப் புரி விற்றுப்போய்விட்டது. யாரோ மைசூர்ப் பக்கத்து ஆள் வாங்கிக்கொண்டு போனாராம். வேறு இல்லை, வரவும் வராது என்றார் கடைக்காரர். மெட்ராஸுக்குச் சொல்லி வரவழைப்பதென்றால் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும், நீலம் அதுவரை காத்திருக்காது. பாய் ஏற்கெனவே கைகழுவிவிட்டார். இயந்திரத்தைச் சினிமாக் கொட்டகைக்காரன் யாரோ கேட்கிறான், கரண்டு போனால் ஏதாவது சுற்றுவதற்கு ஆகுமாம், சீசன் முடிந்ததும் கொண்டுவந்து கடையில் வைத்துவிடு என்று சொல்லியிருக்கிறார்.

திரும்பும் வழியில் ஓசூரில் இறங்கினேன். லாரி ரிப்பேர் செய்கிற ஒரு லேத்துப் பட்டறையில் பெரிய புரியை எடுத்து வைத்தேன். புரியை மாற்ற முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் இறக்கையின் நுனியைச் சுற்றிலும் வெட்டி விசிறியைச் சின்னதாக்கினால், அது அள்ளுகிற தண்ணீர் குறையும். இயந்திரத்துக்கு மூச்சு வரும். வேகமும் குறையும். குறைந்தால் குறையட்டும், மாம்பழத்துக்கு என்ன அவசரம். இதெல்லாம் புத்தகத்தில் இல்லை. நானாக நினைத்துக்கொண்டது. ஏற்கெனவே ஒரு தடவை நானாக நினைத்துக்கொண்டது எங்கே கொண்டுவந்து விட்டது என்பதும் எனக்கு மறக்கவில்லை.

பட்டறைக்காரர் விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற மனிதர். "இது என்னாத்துக்கு, ரைஸ் மில்லுக்கா?"

"படகுக்குங்க."

"ஓசூர்ல படகா?" என்று உள்ளே வேலை செய்கிறவர்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் சிரித்து முடிக்கிறவரை காத்திருந்தார். "வெட்டறதுக்கு ஆவும். மூணு எறக்கையும் ஒரே மாதிரி வரணும், இல்லன்னா ஒதறி மெஷினயே ஒடச்சிரும். இந்த மாதிரி நானு வெட்டினதில்ல. வெட்டினத ஒட்ட முடியாது. எவ்ளோ வெட்டணும், நீ சொல்லு."

எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு விரற்கடை வெட்டினால் போதாமல் இன்னும் முக்கலாம். இரண்டு விரற்கடை வெட்டினால் தண்ணீரைப் பிடிக்காமல் வெறுமனே சுற்றலாம். யோசித்துவிட்டு வருகிறேன் என்று விசிறியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாளாக அது எங்கள் வீட்டில் என் எதிரே மேசைமேல் கிடக்கிறது. நீலம் காய் முற்றிவிட்டது என்று அக்கா சொல்லியனுப்பினாள். அந்த ஊரில் இப்போது புகை வருகிற வீடு நாலு. அதில் இரண்டு இந்த மாதக் கடைசிவரைதான். படகு ஓடினாலும் இவர்களுக்காக எந்த லாரிக்காரன் நிற்பான், பாய் இல்லாமல் யார் பழத்தை எடுப்பார்கள் என்பதை இனிமேல்தான் பார்க்கவேண்டும். ஆனால் ஒரே ஒரு வசதி இருக்கிறது. ஆள் ஏற்றக்கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். கூடைகளை மட்டும்தான் ஏற்றப்போகிறேன். கூடை, வைத்த இடத்தில் உட்காரும்.

இன்று காலை இறக்கைகளின் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஒரு விரற்கடைக்குக் கொஞ்சம் கூட. நாளை ஓசூருக்குப் போய் அந்தக் கோட்டில் வெட்டச் சொல்லப்போகிறேன்.